மெதுவாகப் போகும்போது நடந்த விபத்து: ஒரு சைக்கிள் குழுவின் ஹெல்மெட் முடிவு

விபத்தில் சிக்கியவரும் அவர் மனைவியும் இந்த ஆய்வை முழுதாகப் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே வெளியிடுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. குழுவின் பயணங்களை ஒருங்கிணைப்பவன் நான். அதனால் இங்கே வரும் தவறுகளில் என் பங்கும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஆறு பேரோடு தொடங்கிய குழு. ஐந்தாவது ஆண்டில் பட்டியலில் முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள். ஞாயிறு காலை பதினைந்திலிருந்து இருபது பேர் வரை வருவார்கள். முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவோம். போட்டி எதுவும் கிடையாது, வேகம் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர். பத்தொன்பது வயது மாணவியும் உண்டு, அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு.

ஹெல்மெட் அவரவர் விருப்பம் என்பதே வழக்கமாக இருந்தது. எழுதி வைத்த விதி இல்லை. ஏறக்குறைய பாதிப் பேர் போடுவார்கள். நான் போடுவேன், ஆனால் போடாதவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வளர்ந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினால் சைக்கிள் ஓட்டுவதையே மக்கள் குறைத்துக்கொள்வார்கள் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த வாதத்தின் மேல் எனக்கு இப்போதும் மரியாதை இருக்கிறது. ஆனால் அது நாடு முழுவதற்குமான ஒரு சட்டத்தைப் பற்றியது. அதை என் சிறிய குழுவுக்கும் அப்படியே பொருத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

விபத்துக்குள்ளானவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. எங்களில் அதிக அனுபவம் உள்ளவர். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு கியர் மாற்றவும் வளைவில் திரும்பவும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஹெல்மெட் பேச்சு வந்தால், "ரேஸ் ஓட்டுறவங்களுக்குத்தான் அது. நாம போற வேகத்துக்கு எதுக்கு?" என்பார். ரேஸ் ஓட்டுகிறவர்களே அதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இது எனக்கு அப்போதே தெரியும். அண்ணனிடம் நான் சொன்னதில்லை.

விழுந்த அன்று

முந்தைய இரவு மழை பெய்திருந்தது, சாலை ஈரம். பயணம் முடிய ஆறு கிலோமீட்டர் இருந்தது. முன்னால் போனவர் ஒரு பள்ளத்தைப் பார்த்து பிரேக் பிடித்தார். அண்ணன் அவருக்கு மிக நெருக்கமாக, சற்றுப் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தார். அவருடைய முன்சக்கரம் முன்னால் இருந்தவரின் பின்சக்கரத்தில் உரசியது. இப்படி உரசினால் முன்னால் போகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் திரும்பிவிடும், அவரால் நிலை கொள்ள முடியாது. கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் அவர் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். காதுக்கு மூன்று விரல் மேலே தலை தரையில் இடித்தது.

காரோ லாரியோ அந்த நேரத்தில் சாலையில் இல்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் பார்த்ததை, பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன். ரத்தம் வரவில்லை, சின்ன வீக்கம் மட்டும். விழுந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார் என்று மூன்று பேர் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை, உடனே எழுந்து உட்கார்ந்தார் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். "எனக்கு முன்னாடி யார் போனது?" என்று அவர் கேட்டார், பதில் சொன்னோம். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். மறுபடியும் பதில் சொன்னோம். அது ஓர் அறிகுறி என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் எழுந்து நின்றார், ஹேண்டில்பாரை நேராக்கினார், "ஒண்ணுமில்லப்பா, கிளம்பலாம்" என்றார். எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மீதி ஆறு கிலோமீட்டரை எங்களோடு சேர்ந்து ஓட்டினார். முடிந்த இடத்தில் சிரித்துப் பேசினார். பிறகு தனியாக மூன்று கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்குப் போனார். நாங்கள் விட்டுவிட்டோம்.

விழுந்து இரண்டு மணி நேரம் கழித்து அவர் மனைவியிடமிருந்து எனக்கு போன் வந்தது. "தம்பி, காலையில இவர் எங்கயாவது விழுந்தாரா?" வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்று படுத்திருக்கிறார், இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார், எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடியும் தூங்கிவிடுகிறார். நடந்ததை அரை நிமிடத்தில் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். உயிரைக் காப்பாற்றியது அவர்தான், நாங்கள் இல்லை.

மருத்துவமனையில்

சி.டி. ஸ்கேனில் மண்டை ஓட்டில் மெல்லிய விரிசலும், மண்டை ஓட்டுக்கும் மூளையை மூடிய உறைக்கும் நடுவே ரத்தக்கசிவும் தெரிந்தன. நெற்றிப்பொட்டை ஒட்டிய அந்தப் பகுதியில் எலும்பு மெல்லியது, அதன் உட்புறத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரியும்போது அதுவும் கிழிந்துவிடலாம். இந்த வகைக் கசிவில் சிலர் அடிபட்டதும் தடுமாறி, பிறகு தெளிந்து, நன்றாகவே நடமாடுவார்கள். உள்ளே ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்த ஆரம்பித்ததும் நிலைமை வேகமாக மோசமாகும். அண்ணன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது அந்தத் தெளிவான இடைவெளியில்தான். இதை மருத்துவர் விளக்கியபோது எனக்கு வார்த்தை வரவில்லை.

அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மூன்று மாதம் கழித்து அரை நாள் வேலைக்குப் போனார்.

ஹெல்மெட் இருந்திருந்தால்?

குழுவில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. ஒரு தனி விபத்தை வைத்து நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்த விழுகை எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்கலாம்.

ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது கெட்டியான தெர்மாகோல். தலை தரையில் இடிக்கும்போது அது நசுங்கும். வெறும் தலை சில மில்லிமீட்டருக்குள் சடாரென்று நின்றுவிடும் இடத்தில், நசுங்கும் அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நிற்கும் தூரத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. வேலை அவ்வளவுதான், ஆனால் எலும்பு விரிவதும் விரியாததும் பல சமயம் அந்தத் தூரத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவின் ஈ.என். 1078 தரத்தில், தலை வடிவ உலோகத்துக்கு ஹெல்மெட்டை மாட்டித் தட்டையான இரும்பின் மேல் விழ வைக்கிறார்கள். மோதும் வேகம் வினாடிக்கு 5.42 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. தலைக்குள் பதிவாகும் அதிர்வு 250 ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். வினாடிக்கு 5.42 மீட்டர் என்பது மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதனால் இருபதுக்கு மேல் ஓட்டினால் ஹெல்மெட்டால் பயனில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அளவு தலை தரையை நோக்கி இறங்கும் வேகத்தைக் குறிக்கிறது, சைக்கிள் ஓடும் வேகத்தை அல்ல. மெதுவாக ஓட்டினாலும் தலை அதே உயரத்திலிருந்துதான் விழுகிறது. "நாம போற வேகத்துக்கு எதுக்கு?" என்ற கேள்விக்கான பதில் இதில் இருக்கிறது.

வாகனம் மோதாமல், பக்கவாட்டில் சாய்ந்து, தலையின் பக்கம் நேராகத் தரையில் இடித்த இந்த விபத்து அந்தச் சோதனைக்கு மிக அருகில் வருகிறது. இடித்த இடமும் சரியாக மாட்டிய ஹெல்மெட் மூடும் பகுதிக்குள் இருந்தது. காயம் வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது என் கருத்து. ஒரு லாரி மோதிய விபத்தாக இருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கூட்டம்

விபத்து நடந்து இரண்டு வாரம் கழித்து கூடினோம். இருபத்தொரு பேர் வந்தார்கள். ஹெல்மெட் கட்டாயம் என்று உடனே கை தூக்கிவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். பயத்தில் எடுக்கும் முடிவு நிலைக்காது என்பதால், எதிர்ப்பவர்களை முதலில் பேசச் சொன்னேன்.

தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகும் ஒருவர் எழுந்தார். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. நெதர்லாந்தில் பெரும்பாலோர் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுகிறார்கள். ஆனாலும் ஓட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் அங்கே சைக்கிள் மரணங்கள் உலகிலேயே மிகக் குறைந்த அளவில் இருக்கின்றன. தனிப் பாதைகளும் வாகனங்களின் குறைந்த வேகமும் அதற்குக் காரணம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-இல் ஹெல்மெட்டைச் சட்டமாக்கிய பிறகு நடந்த கணக்கெடுப்புகளில், முக்கியமாகப் பதின்ம வயதினரில், சைக்கிள் ஓட்டுவோர் குறைந்திருந்தார்கள். மெக்சிகோ நகரம் 2010-இல் வாடகைச் சைக்கிள் திட்டத்துக்கு வழி விட்டு இந்த விதியையே எடுத்துவிட்டது. ஹெல்மெட் போட்டவரை வாகனங்கள் சற்று நெருங்கிக் கடந்தன என்று இயன் வாக்கர் 2007-இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். "ரோட்டைச் சரி பண்ணாம தலையில தொப்பி மாட்டி என்ன பிரயோஜனம்?" என்று முடித்தார்.

மாணவி அவருக்குப் பதில் சொன்னார். நீங்க சொல்றது எல்லாம் அரசாங்கம் சட்டம் போடலாமா என்ற கேள்விக்கு. நாம இங்க பேசுறது இருபது பேர் ஒட்டி ஒட்டி ஓட்டும்போது போடலாமா என்பது. அண்ணன் விழுந்தப்போ ரோட்டில் கார் இல்லை, நம்ம சக்கரம்தான் அவரைத் தள்ளிச்சு. இதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அதுவரை இரண்டு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் பங்குக்கு ஆய்வு விவரங்களைச் சொன்னேன். 1989-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த ஆய்வு, தலைக்காயம் 85 சதவீதம் குறையும் என்றது. அந்த எண்ணை ஹெல்மெட் ஆதரவாளர்கள் இன்றும் தூக்கிப் பிடிக்கிறார்கள், எனக்கு அது மிகைப்பட்டதாகவே படுகிறது. 2017-இல் ஒலிவியர், கிரெய்டன் இருவரும் 40 ஆய்வுகளை, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட காயமடைந்தவர்களின் விவரங்களைத் தொகுத்தார்கள். ஹெல்மெட் போட்டவர்களிடம் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு பாதியளவும், கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதமும் குறைவாக இருந்தது. இவை விபத்துக்குப் பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வுகள். போடுகிறவர்கள் இயல்பிலேயே கவனமாக ஓட்டுகிறவர்களாகவும் இருக்கலாம், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் ஒதுக்கித் தள்ள முடியாத அளவு இது. வாக்கரின் ஆய்வையும் 2013-இல் இதே ஒலிவியரும் இன்னொருவரும் மறுபடி அலசி, நெருங்கிக் கடப்பதற்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். அந்த விவாதம் முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

ஒன்றன் பின் ஒன்றாக எழுதினோம், வரிசையை யோசித்தே வைத்தோம்.

முதலாவது, இடைவெளி. உலர்ந்த சாலையில் முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம், ஈரமென்றால் இரண்டு. பக்கவாட்டில் சக்கரம் ஒன்றையொன்று தாண்டி நிற்கக் கூடாது. பள்ளம் வந்தால் கையால் காட்ட வேண்டும், பிரேக் பிடிக்கும் முன் குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, தலை இடித்தால் செய்ய வேண்டியவை. விழுந்தவர் என்ன சொன்னாலும் அன்றைக்கு மறுபடி சைக்கிளில் ஏறக் கூடாது. ஒருவர் கூடவே போய் வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்த 24 மணி நேரம் அவர் தனியாக இருக்கக் கூடாது. நினைவு தப்பியிருந்தால், கேட்டதையே கேட்டால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால், பேச்சு குழறினால், கை கால் தளர்ந்தால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ கசிந்தால் உடனே அவசர சிகிச்சை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு. இதைச் சின்ன அட்டையில் அச்சடித்து எல்லோரிடமும் கொடுத்தோம்.

மூன்றாவதுதான் ஹெல்மெட். குழுப் பயணத்தில் கட்டாயம், தனியாக ஓட்டும்போது அவரவர் விருப்பம். ஹெல்மெட் சட்டத்துக்காகக் குழுவின் பெயரில் யாரும் குரல் கொடுப்பதில்லை என்றும் சேர்த்து எழுதினோம். மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம், முதல் விதி விழாமல் பார்த்துக்கொள்கிறது, ஹெல்மெட்டோ விழுந்த பிறகுதான் வேலைக்கு வருகிறது.

வாங்க வசதி இல்லாதவர்களுக்காக நான்கு பொது ஹெல்மெட் வாங்கி எண் போட்டு வைத்தோம். கீழே விழுந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அந்த ஹெல்மெட்டை உடனே ஒதுக்கிவிடுவோம். தெர்மாகோல் ஒரு முறை நசுங்கினால் மறுபடி அந்த இடத்தில் காக்காது.

முதல் ஞாயிறு

விதி வந்த முதல் பயணத்தில் பதினேழு பேர் ஹெல்மெட்டோடு வந்தார்கள். கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஆறு பேருக்கு வார் தொளதொளவென்று தொங்கியது. நான்கு பேர் நெற்றி முழுதும் தெரியப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஆண்டுக்கணக்காகத் தவறாமல் ஹெல்மெட் போடுகிறவர்களும் இருந்தார்கள். ஒன்றில் உட்புறம் பழைய விரிசல். இன்னொன்றில் எந்தத் தரமுத்திரையும் இல்லை. என்னுடைய வாரும் தளர்வாகத்தான் இருந்தது.

அன்று பயணம் அரை மணி தாமதம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு ஹெல்மெட் சமமாக உட்கார வேண்டும். இரண்டு பக்க வாரும் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சியில் லேசாக அழுத்துவது தெரிய வேண்டும். இதை ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினோம். ஹெல்மெட் போட்டவர், போடாதவர் என்று இரண்டாகப் பிரித்துத்தான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். சரியாகப் போட்டவர் என்ற கணக்கு என்னிடம் இருந்ததே இல்லை.

பின்னர் நடந்தவை

மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவரும் அவர்களில் ஒருவர். முதல் இரண்டு மாதம் வருகை பதின்மூன்றாகக் குறைந்தது, ஆறாம் மாதம் பழைய அளவை நெருங்கியது. கட்டாயம் ஆட்களைக் குறைக்கும் என்ற வாதம் எங்கள் குழுவிலும் கொஞ்சம் உண்மையானது.

எட்டாம் மாதம் இன்னொரு விபத்து. இருபத்தேழு வயதுப் பெண், வளைவில் சரளையில் சக்கரம் வழுக்கி விழுந்தார். தலையின் பின்பக்கம் இடித்தது. ஹெல்மெட் வெளியே பார்க்க முழுசாக இருந்தது, உள்ளே தெர்மாகோலில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. அவர் எழுந்து, "நல்லாத்தான் இருக்கேன், ஓட்டுறேன்" என்றார். கவலைப்பட வைத்தது கூட இருந்தவர்கள் சொன்னது: "ஹெல்மெட் இருந்துச்சே, ஒண்ணும் ஆகியிருக்காது." அண்ணன் விழுந்தபோது ரத்தம் வராததைப் பார்த்து நிம்மதி அடைந்தோம். இந்த முறை ஹெல்மெட்டைப் பார்த்து நிம்மதி அடையப் பார்த்தோம். அட்டையை எடுத்துக் காட்டி, அவரை வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

ஸ்கேனில் கசிவு இல்லை, எலும்பும் நன்றாக இருந்தது. ஆனால் மூளை அதிர்ச்சி இருந்தது. நான்கு நாள் தலைவலி, வெளிச்சம் பட்டால் எரிச்சல், இரண்டு வாரம் எதிலும் கவனம் நிற்கவில்லை. "ஹெல்மெட் போட்டிருந்தேனே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். மண்டை ஓடு உடையாமல் காப்பதில் ஹெல்மெட் கெட்டி. மண்டைக்குள் மூளை குலுங்குவதையும் சுழல்வதையும் அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. சுழற்சியைக் குறைக்க உள்ளே சற்று நழுவும் அடுக்கு வைத்த ஹெல்மெட்டுகள் இப்போது வருகின்றன, அவையும் குறைக்கத்தான் செய்யும். மூன்றாவது வாரம் முடிவில் அவர் சரியானார். அட்டையில் ஒரு வரி சேர்த்தோம்: ஹெல்மெட் போட்டிருந்தாலும் இடித்தது இடித்ததுதான்.

அண்ணன் ஏழாம் மாதம், மருத்துவர் அனுமதித்த பிறகு, ஹெல்மெட்டோடு சைக்கிளில் ஏறினார். ஒரு வருடம் ஆகியும் இரைச்சலான இடத்தில் அவரால் அதிக நேரம் இருக்க முடியவில்லை, சீக்கிரம் களைத்துவிடுகிறார். புதிதாக வருகிறவர்களின் வாரைச் சரிபார்ப்பது இப்போது அவர் பொறுப்பு.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

யார் விழுந்தாலும் அதை முதல் நாளிலிருந்தே பதிவு செய்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு எல்லோரிடமும் கேட்டபோது, ஐந்து ஆண்டில் பதினொரு முறை யாராவது விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதில் நான்கு முறை சக்கரங்கள் உரசியதால் விழுந்தவை. இதை முன்பே எழுதி வைத்திருந்தால் இடைவெளி விதி அண்ணன் விழுவதற்கு முன்பே வந்திருக்கும்.

எதிர்ப்பவர்களோடு கூட்டத்துக்கு முன் தனியாகப் பேசியிருக்க வேண்டும். எல்லோர் முன்னிலும் தோற்ற மாதிரி ஆனதால்தான் அவர்கள் போனார்கள் என்று நினைக்கிறேன், ஹெல்மெட்டின் கனத்தால் அல்ல. வேலைக்குச் சைக்கிளில் போகும் அந்த நண்பர் இன்றும் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறார். ஆனால் அட்டையை என்னிடம் கேட்டு வாங்கி, தன் அலுவலகத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒட்டியிருக்கிறார்.

வீட்டில் இருப்பவரின் போன் எண்ணை எல்லோரிடமும் வாங்கி வைத்திருக்க வேண்டும். அண்ணனின் மனைவியிடம் என் எண் இருந்தது, என்னிடம் அவர் எண் இல்லை. அவர் கூப்பிட்டிருக்காவிட்டால் எனக்கு மாலை வரை ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரு விஷயத்தில் இன்னும் முடிவு இல்லை. குழுவின் மூத்த உறுப்பினருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். ஹெல்மெட் போட்டு அரை மணி ஓட்டினாலே வலிக்கிறது என்கிறார், இருப்பதிலேயே லேசானதையும் போட்டுப் பார்த்துவிட்டார். விதிவிலக்கு கொடுத்தால் விதி தளரும் என்கிறார்கள் சிலர். வராமல் வீட்டில் உட்கார்ந்தால் அவர் உடம்புக்கு அதைவிடக் கெடுதல் என்கிறார் அண்ணன். அவருக்காகத் தனியாக, வண்டிகள் இல்லாத பூங்காப் பாதையில், இருவர் மூவராக இடைவெளி விட்டு ஓட்டும் குறுகிய பயணம் ஒன்றை அடுத்த மாதத்திலிருந்து தொடங்கிப் பார்க்கப்போகிறோம்.